கேள்விக்குக் கேள்வி

எங்கள் குப்பத்துக்கு முதன்முதலில் ஒரு வெள்ளைக்காரி குடிவந்தது என் வீட்டில்தான். இதைச் சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் அன்றைக்கு எத்தனை குப்பம் இருந்ததோ அத்தனையிலும் விசாரித்துப் பாருங்கள், வேறு எவள் வீட்டிலும் துரைசானி பாய் போட்டுப் படுத்ததில்லை. எனக்கு எழுத்து கூட்டித்தான் வரும். பஸ் பலகையும் சினிமாத் தட்டியும் பார்த்துப் பழகிய எழுத்து. ஆனால் கண்ணால் பார்த்ததை மறக்கிற பழக்கம் என்னிடம் கிடையாது. அதனால் மெதுவாக எழுதுகிறேன். நீங்களும் மெதுவாகப் படியுங்கள்.

வெள்ளைக்காரன் ராஜ்யம் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. ராயபுரம் பக்கம் டிராம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரருடைய அண்ணனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்து, அவர் பெண்சாதி பிள்ளைகளோடு ராயபுரத்துக்கே போய்விட்டார். அவர்கள் இருந்த குடிசை எங்கள் குடிசையை ஒட்டினாற்போலக் காலியாகக் கிடந்தது. பழைய வலையைப் போட்டு வைத்திருந்தோம். ஒரு நாள் மத்தியானம் பட்டணத்துக் காலேஜ் ஐயா ஒருவர் காரில் வந்து ரோட்டோரம் இறங்கினார். பின்னாலேயே அவள் இறங்கினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்து வந்தாள். பனைமரம்போல உயரம். முகமெல்லாம் கேழ்வரகைத் தூவினதுபோலப் புள்ளி. நாங்கள் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு அந்தப் புள்ளியைத்தான் பார்த்தோம்.

"இந்தம்மா மீன் பிடிக்கிற ஜனங்க எப்படி வாழறாங்கன்னு ஆராய்ச்சி பண்ண வந்திருக்காங்க. ஒரு பருவம் முழுக்க இங்கேயே தங்கணுமாம்" என்றார் காலேஜ் ஐயா.

எங்கள் ஊர்ப் பெரியவர் வலை பின்னிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "எங்ககிட்ட ஆராய்ச்சி பண்ண இன்னா கீது சார்? மீன் புடிக்கறோம், விக்கறோம், துன்றோம்."

அதற்குள் அவள் என் முன்னால் வந்து கும்பிட்டாள். "வணக்கம். தங்கள் இல்லத்தில் நான் தங்குவதற்கு இடம் கிடைக்குமா?"

என் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். "இன்னாடி இது, கூத்துல ராஜா வேஷம் கட்டினவன் பேசற மாதிரி பேசறா!"

அவளுடைய நாட்டிலேயே ஒரு பாதிரியாரிடம் தமிழ் படித்துவிட்டு வந்திருந்தாள். அந்த நாட்டுப் பேர் இன்றைக்கும் என் வாயில் நுழையாது. குளிர் நாடு, கடல் உள்ள நாடு, அவ்வளவு தெரியும். வந்து நின்றதுமே எங்கள் பாஷையில் பேசியவளை வாசலில் நிற்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய வலையை வெளியே எடுத்துப் போட்டு, சாணி மெழுகி, உள்ளே வா என்றேன். குனிந்தாள், போதவில்லை, இன்னும் குனிந்தாள்.

எங்கள் சோறும் குழம்பும் அவளுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் காலையில் ரொட்டி இல்லாமல் முடியாது. நான் கூடை தூக்கி ராயபுரம்வரை மீன் விற்கப் போகிறவள். திரும்பும்போது பாய் ஒருவருடைய ரொட்டிக் கடையில் முழு ரொட்டி ஒன்று வாங்கி வருவேன். கூடைக்குள் போட்டால் மீன் நாற்றம் ஏறிவிடும் என்று பேப்பரில் சுற்றிக் கைக்குழந்தைபோலத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவேன். அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் ரொட்டி காய்ச்சல்காரர்கள் தின்பது. பாய் தினமும் கேட்பார், "இன்னும் ஜொரம் வுடலியாம்மா?" என்று. எதிர்வீட்டு அக்கா என் தோளைப் பார்த்துவிட்டுக் கத்துவாள்: "இன்னாமே, உன் தொரசானிக்கு தெனமுமா ஜொரம்?"

அவளுடைய வேலையே கேள்வி கேட்பதுதான். பென்சிலை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பாள். ஏன் பெண்கள் மரத்தைத் தாண்டக்கூடாது? கட்டுமரத்தை நாங்கள் மரம் என்றுதான் சொல்வோம். ஏன் புது வலைக்கு மஞ்சள் வைக்கிறீர்கள்? என் மாமியார், "தெர்லம்மா, வயக்கம்" என்பார். விடமாட்டாள். "வழக்கம் என்றால், எதனால் வழக்கம்?" தெரியாது என்ற பதிலை அவள் பதிலாகவே எடுத்துக்கொள்ள மாட்டாள். குழம்பு கொதிக்கும்போதுகூடப் பக்கத்தில் குந்திக்கொண்டு, எதனால், எதனால் என்பாள். மாமியார் ஒரு தடவை கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்துபோய்விட்டார்.

நானும் சும்மா இருக்கவில்லை. அவள் எங்களைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இடது கையால் எழுதினாள். பல்லுக்கு உப்பு வைத்துத் தேய்த்தாள். குடிசையை விட்டு வெளியே வந்ததும் முதல் காரியம் மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தாள், எங்கள் ஆம்பிளைகள் மோந்து பார்க்கிற மாதிரியே. பட்டணத்து ஜனங்கள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. இது எனக்கு விசித்திரமாகப் பட்டது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் காரியம் நடந்தது.

அன்றைக்கு விடியலில் என் வீட்டுக்காரரும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் துடுப்பும் வலையுமாகக் கரைக்கு இறங்கினார்கள். துரைசானி முகம் கழுவிவிட்டு வந்து நின்றாள். சிரித்த முகமாக, மரியாதையாக, அவளுக்குத் தெரிந்த தமிழிலேயே நல்ல தமிழில் கேட்டாள்: "எங்கே செல்கிறீர்கள்?"

கடலுக்குப் போகிறவனை எங்கே போகிறாய் என்று எங்கள் ஜனம் கேட்காது. பெண்சாதி கேட்க மாட்டாள், பிள்ளை கேட்காது. கேட்டுவிட்டால் அன்றைக்கு மரம் இறங்காது. என் வீட்டுக்காரர் அவளைத் திட்டவில்லை. நின்றார். திரும்பினார். வீட்டுக்கு வந்து துடுப்பைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் குந்திவிட்டார். பின்னாலேயே கூட்டாளிகள் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள்.

"இன்னாய்யா, வந்துட்டே?"

"கேட்டுட்டா."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கும் அது போதும்.

மற்ற மரமெல்லாம் போனது. போன அன்றைக்கென்று வவ்வால் மீன் கூட்டமாக வந்து விழுந்தது. மத்தியானம் கரையெல்லாம் வெள்ளித் தட்டு கொட்டினதுபோலக் கிடந்தது. அந்தப் பருவத்தில் அப்படி ஒரு மீன்பாடு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எங்கள் மூன்று வீட்டில் மட்டும் வெறும் சட்டி. எதிர்வீட்டு அக்கா குழம்புக்கு என்று மீன் கொண்டுவந்து கொடுத்தாள். என் வீட்டுக்காரர் அந்தக் குழம்பைத் தொடவில்லை, வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார்.

துரைசானிக்கு ஒன்றும் புரியவில்லை. நான் செய்த பிழை என்ன என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். முதலில் எழுதிக்கொண்டாள். பிறகுதான் அழுதாள்.

அம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. ஆம்பிளைகள் மணலில் குந்தினார்கள். நாங்கள் பொம்பளைகள் காயப்போட்ட வலைக்குப் பின்னால் நின்றோம். துரைசானியை அந்தப் பக்கமும் இல்லாமல் இந்தப் பக்கமும் இல்லாமல் நடுவில் ஒரு கட்டைமேல் உட்கார வைத்தார்கள். அங்கே வருவதற்கு முன்னாலேயே என்னிடம் சொல்லியிருந்தாள், இங்கிருந்து அனுப்பிவிட்டால் தன் படிப்பு அதோடு முடிந்தது, மறுபடி எங்கேயும் அனுப்ப மாட்டார்கள் என்று.

கூட்டாளிகளில் மூத்தவர் ஆரம்பித்தார். "மூணு வூட்டு அடுப்பு அவிஞ்சிபோச்சி நைனா. இன்னிக்கி எங்களைக் கேட்டா. நாளிக்கி உன்னைக் கேப்பா. வாய வச்சிகினு சும்மா இருக்கத் தெரியாத ஆளு."

பெரியவர் தாடையைச் சொறிந்தார். "நல்ல பொண்ணுதான்டா. கொயந்தைங்க சிரங்குக்கெல்லாம் மருந்து போடுது. ஆனா கேள்வி கேக்கறதையே தொயிலா வச்சிகினு கீதே, அத்த இன்னா பண்றது?"

துரைசானி எழுந்து நின்றாள். "இனிமேல் நான் யாரையும் எதுவும் கேட்கமாட்டேன்."

"அப்ப இங்க குந்திகினு இன்னா பண்ணுவே? காத்து வாங்குவியா?" என்றார் ஒருவர். சிரிப்பு எழுந்தது. அவள் முகம் சிவந்துபோய் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கூடை தூக்குகிறவளுக்குத் தொண்டை பெரிசு. வலைக்குப் பின்னாலிருந்தே சொன்னேன். "நைனா, நான் ஒண்ணு சொல்லட்டா?"

என் வீட்டுக்காரர் திரும்பி முறைத்தார். நான் பெரியவரைத்தான் பார்த்தேன். "எண்ணூர் உப்பளத்துக்கு மீன் எடுத்துகினு போறேன். கூடை மீனைக் கொட்டிட்டு கூடை உப்பு வாரிகினு வரேன். அவங்களுக்கும் மனத்தாங்கல் இல்ல, எனக்கும் இல்ல. இவ வந்த நாள்லேர்ந்து நம்மகிட்ட வாரிகினே கீறா. நாம ஒண்ணும் வாரல. அதான் எல்லாருக்கும் எரியுது. அவ ஒண்ணு கேட்டா நாம ஒண்ணு கேப்போம். அதுக்கு பதில் சொன்னாதான் அடுத்தது கேக்கணும். மரத்துக்குப் போறவங்க எதிர்ல மட்டும் வாயே தொறக்கக்கூடாது."

 பெரியவருடைய வயிறு சிரிப்பில் குலுங்க ஆரம்பித்தது. "இன்னாங்கடா, அவகிட்ட கேக்கறதுக்கு உங்களுக்கு எதுனா கீதா?"

இல்லாமலா? வந்த நாளிலிருந்து அத்தனை பேரும் அதற்குத்தான் தவித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டால் மரியாதையில்லை என்று அடக்கி வைத்திருந்தார்கள். அங்கேயே, அந்த மணலிலேயே, எதிர்வீட்டு அக்கா வலையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

"கண்ணாலம் ஆயிட்ச்சா உனக்கு?"

"ஆகவில்லை."

"ஏன் ஆவல?"

துரைசானி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது அடுத்த கேள்வி. இப்போது என் முறை."

"பார்றா, நாலு நாள் கூடை தூக்கினவ மாதிரி பேரம் பேசறா!" என்று பெரியவரே தொடையைத் தட்டினார். அதோடு பஞ்சாயத்து கலைந்தது. இந்த ஏற்பாட்டைச் சொன்னவள் நான் என்பதை இந்த இடத்தில் மறுபடி ஒரு தடவை எழுதி வைக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப்போலக் கலகலப்பான நாட்களை எங்கள் குப்பம் பார்த்ததில்லை. சாயங்காலம் ஆனால் என் வாசலில் கூட்டம். தலைக்கு என்ன எண்ணெய்? எண்ணெயே இல்லை. அந்தப் புள்ளி தொட்டால் ஒட்டுமா? தொட்டுப் பார்க்கக் கொடுத்தாள். உங்கள் ஊரில் கருவாடு உண்டா? உண்டு, உப்புப் போடாமல் கட்டையில் கட்டித் தொங்கவிட்டால் குளிர் காற்றிலேயே காய்ந்துவிடும் என்றாள். அதை ஒருத்தி நம்பவில்லை. "உப்பு போடாம கருவாடா? புழு வச்சிடாது? ஈ மொய்க்காது?" "குளிரில் ஈ இல்லை." "ஈயே இல்லாத ஊரை வுட்டுட்டு இங்க வந்தியா நீ?" என்று என் மாமியார் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

ஒரு நாள் யாரோ கேட்டார்கள், உங்க நைனாவுக்கு இன்னா தொழில் என்று.

"மீன் பிடிக்கிறார். என் தாத்தாவும் அதுதான். என் தமையன்மார் இருவரும் படகில்தான் இருக்கிறார்கள்."

 மாமியார் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "அடிப்பாவி, நம்ம ஜனம்டி இவ! இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"யாரும் கேட்கவில்லையே" என்றாள் அவள்.

அவள் காற்றை மோந்தது எதனால் என்று எனக்கு அப்போது விளங்கியது. ஆனால் அந்தப் பதில்தான் அவளை மாட்டிவிட்டது. என் வீட்டுக்காரர் அதுவரை அவளோடு பேசாமல் இருந்தார். அதைக் கேட்டதும் மறுநாள் பெரியவரையும் அழைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"உங்க நைனா கடலுக்குப் போற ஆளு. நல்லது. எங்க சகுனம் உனக்குத் தெரியாது, அத்த வுட்டுட்டேன். உங்க ஊர்ல கடலுக்குப் போறவனுக்கு இன்னா சகுனம்? இன்னா செஞ்சா ஆவாது?"

அவள் யோசித்தாள். "எங்கள் ஊரில் சகுனம் கிடையாது. என் தந்தையார் வானொலியில் காற்றுச் செய்தி கேட்டுவிட்டுப் புறப்படுவார்."

"ரேடியோ கெடக்கட்டும். சகுனம்?"

"இல்லை."

"தெர்லன்றியா, இல்லன்றியா?"

"இல்லை."

அவர் பெரியவர் பக்கம் திரும்பினார். "நைனா, தண்ணிமேல போற ஊர்ல சகுனம் இல்லாத ஊர் கீதா?"

"அது எப்டிடா இருக்கும்?" என்றார் பெரியவர். அவளைப் பார்த்து, கோபமில்லாமல்தான் சொன்னார். "எங்களைத் தோண்டித் தோண்டிக் கேட்டே. தெர்லன்னாலும் வுடல. நாங்களும் வுடமாட்டோம் தாயே. இதுக்கு பதில் வர்ற வரைக்கும் உன் கேள்வி நிக்கட்டும்."

நான் சொன்ன ஏற்பாடு அவள் கழுத்தில் சுருக்காக விழுந்துவிட்டது. அவள் கேட்கக்கூடாது, கேட்டாலும் யாரும் பதில் சொல்லக்கூடாது. மாதம் முடிந்தால் காலேஜ் ஐயா வேலையைப் பார்க்க வருவார். வேலை நின்று கிடந்தால் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அவள் கரையோரம் நடந்துகொண்டே தன் பாஷையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சோறு இறங்கவில்லை.

"எதுனா ஒண்ணு சொல்லித் தொலையேன்" என்றேன் நான். "பூனை குறுக்கே போச்சின்னா ஆவாதுன்னு சொல்லு. உங்க ஊரு பூனைய யாரு போய்ப் பாக்கப்போறாங்க?"

தலையை ஆட்டினாள். "இதில் பொய் சொன்னால் நான் எழுதி வைத்திருப்பது எல்லாம் பொய்யாகிவிடும்."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. மரியாதையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது? ரொட்டி வாங்கி வந்து வைத்தேன்.

அந்த ரொட்டியில்தான் பதில் இருந்தது. அன்றைக்குப் பேப்பரைப் பிரித்து, எப்படி வந்ததோ அப்படியே தட்டில் போட்டேன். மேல் பக்கம் உப்பலாக இருக்கும் அல்லவா, அது கீழே போய்விட்டது. அவள் தன் ஊர்ப் பனியைப் பற்றி என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே கை போய் ரொட்டியைத் திருப்பி நிமிர்த்தி வைத்தது. பேச்சு நிற்கவில்லை. இதை இதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. பார்த்திருக்கிறேன், ஆனால் கவனிக்கவில்லை.

எறும்புக்காக இருக்குமோ? அடிப்பக்கம் மெத்தென்று இருக்கும், அதில் மண் ஒட்டிவிடும் என்றா? ஆனால் அவள் அடிப்பக்கத்தைத்தான் கீழே வைத்தாள். மறுநாள் வேண்டுமென்றே கவிழ்த்து வைத்தேன். கை போயிற்று. அடுத்த நாள் மாமியாருக்கு அந்தப் பக்கம், எட்டாத தூரத்தில் முறத்தின்மேல் கவிழ்த்து வைத்தேன். மாமியார் மடிமேல் ஏறாத குறையாக எட்டி அதைத் திருப்பிவிட்டு, வந்து உட்கார்ந்து பேச்சைத் தொடர்ந்தாள். "இன்னாடி இது, என்னைத் தாண்டுது?" என்றார் மாமியார். அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் கை உஷாராகிவிடும் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நாளிக்கி கடல்லேர்ந்து வந்து குந்தறப்ப அவ கையப் பாரு."

"ஏன், மோதிரம் போட்டுகினு கீறாளா?"

"பாருன்னா பாரேன்."

மறுநாள் மத்தியானம் அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். துரைசானி ஒரு ஓரமாக உட்கார்ந்து மாமியாருக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் ரொட்டியைக் கவிழ்த்து நடுவில் வைத்தேன். கை போய்த் திருப்பியது. என் வீட்டுக்காரர் கஞ்சியைக் கீழே வைத்தார். ரொட்டியைக் கவிழ்த்தார். அவள் பேசிக்கொண்டே நிமிர்த்தினாள். அவர் கவிழ்த்தார். அவள் நிமிர்த்தினாள். பிறகுதான் தன் கையைத் தானே பார்த்தாள். பேச்சு பாதியில் நின்றுவிட்டது.

"இன்னாத்துக்கு திருப்பறே?" என்றார் அவர்.

"அது... அப்படித்தான் வைக்கவேண்டும்."

"ஏன்?"

"வழக்கம்."

"வயக்கம்னா, எதனால வயக்கம்?"

மாமியார் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டார். அவரைப் படுத்தி எடுத்த கேள்வி அல்லவா அது. துரைசானி சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். "சிறு வயதில்... கவிழ்த்து வைத்தால் என் தாயார் கையில் அடிப்பார். பாட்டியும் அடிப்பார். ஏனென்றால்..." சட்டென்று எழுந்தாள். குடிசை மூங்கிலில் தலை இடித்தது. அதைக்கூடத் தடவிக்கொள்ளவில்லை. "படகு கவிழும்! ரொட்டி கவிழ்ந்தால் கடலில் படகு கவிழும்!"

செருப்பு போடாமல் ஓடினாள். வெயிலில் மணல் கொதிக்கும் நேரம். நாங்கள் எல்லாம் பின்னாலேயே ஓடினோம். பெரியவர் பூவரச மரத்து நிழலில் குந்தி வலையின் பொத்தலை அடைத்துக்கொண்டிருந்தார். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டு அவள் அவரிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "நான் மறைக்கவில்லை, ஐயா. அதைச் சகுனம் என்றே நான் நினைக்கவில்லை. ரொட்டியை வைக்கும் விதம் என்றுதான் நினைத்திருந்தேன்" என்றாள்.

"பின்ன நாங்க மட்டும் சகுனம்னா நெனச்சோம்?" என்றார் பெரியவர். "மரத்துக்குப் போறவங்க எதிர்ல வாய மூடிகினு நிக்கற விதம்னுதான் நெனச்சோம். சரி, நீ அத்த நம்பறியா?"

"நம்பவில்லை."

"கை நம்புதே" என்றார் என் வீட்டுக்காரர்.

அவள் தன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பெரியவர் அதைக் கேள்வியாகக் கணக்கில் எடுக்கவில்லை. "அவ முறை வந்துட்ச்சி. கேக்கச் சொல்லு" என்று வலைக்குத் திரும்பிவிட்டார். மாதக் கடைசியில் காலேஜ் ஐயா வந்தபோது என் வாசலில் உட்கார இடமில்லை. நிற்கவைத்துத்தான் அவருக்கு மோர் கொடுத்தோம். பருவம் முடிகிறவரை இருக்கட்டும் என்று அவர் போய்விட்டார்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்த விடியலிலேயே என் வீட்டுக்காரர் துடுப்போடு புறப்பட்டவர், வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். உறியில் மீதி ரொட்டி இருந்தது. தூக்கிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. போய்விட்டார். கூட்டாளிகளுக்கும் சொல்லியிருக்கிறார். எங்கள் ஆட்கள் டீ குடிக்கிற கடை ரோட்டோரம் இருந்தது, அது வேறொரு பாயுடையது. அங்கே கண்ணாடிப் பெட்டியில் பன் அடுக்கியிருக்கும். மூத்த கூட்டாளி போய், "பாய், பன்னை நேரா வையி" என்றார்.

"யா அல்லா, பன்னுக்கு நேர் எது, தலைகீழ் எது?"

"உப்பினது மேல. சொன்னா செய்யேன், எங்க உசுரு."

ஒரு வாரத்தில் குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. ரொட்டியே வாங்காத வீட்டில்கூடச் சொல்லிக்கொண்டார்கள். துரைசானிக்குத் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். நேரே டீக்கடைக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். "தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இது உங்கள் வழக்கம் இல்லை, எங்கள் ஊருடையது. உங்களிடம் இருப்பதை எழுத வந்தவள் நான். நானே ஒன்றைக் கொண்டுவந்து போட்டால் என் ஆராய்ச்சி கெட்டுப்போகும்."

எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "உனக்கு இன்னா போச்சி? கவுந்தா கவுறது எங்க மரம்தானே?"

அவள் ஒரு பன் வாங்கினாள். அதைத் தட்டில் எப்படி வைப்பது என்று அவள் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. கடைசியில் கீழேயே வைக்காமல் தின்றுவிட்டாள்.

பருவம் முடிந்து அவள் புறப்பட்ட அன்றைக்கு விடியலில் என் வீட்டுக்காரர் துடுப்போடு அவளைக் கடந்து போனார். அவள் இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் சிரித்துவிட்டார். அவளைப் பார்த்து அவர் சிரித்தது அன்றைக்கு ஒரு நாள்தான். வெயில் ஏறியதும் கார் வந்தது. எங்கள் எதிர்வீட்டு அக்கா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் கண்ணாலம் ஆவலன்னு கேட்டேனே, அது அப்டியே நிக்குது." துரைசானி குனிந்து அவள் காதில் என்னவோ சொன்னாள், ரொம்ப நேரம் சொன்னாள். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். கார் போன பிறகு நான் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன். மீன் பங்கில் விட்டுக்கொடுத்தும் பார்த்தேன். சாகும்வரை அக்கா சொல்லவில்லை. துரைசானிக்கு இடம் கொடுத்தவள் நான், ரொட்டி சுமந்தவள் நான். அது எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான்.

சில வருஷம் கழித்து, டிராமெல்லாம் நின்றுபோன பிறகு, பட்டணத்திலிருந்து சட்டைப்பையில் பேனா குத்திய ஒரு வாலிபர் வந்தார். நம்ம ஆள்தான், படித்தவர். குப்பத்து வழக்கங்களை எழுதப்போகிறாராம். ஒரே நாளில் எழுதிவிட்டு சாயங்கால ரயிலில் திரும்பவேண்டுமாம். பாய் கடையில் டீ குடிக்க உட்கார்ந்தவர், மூத்த கூட்டாளி பன்னைத் திருப்பி வைத்ததைப் பார்த்துவிட்டார்.

"அது ஏன் அப்படி வைக்கிறீங்க?"

"கவுந்தா மரம் கவுந்துடும் சார்."

"அப்படியா! எவ்வளவு காலமா இந்த வழக்கம்?"

"எங்க முப்பாட்டன் காலத்துலேர்ந்து கீது சார்" என்றார் அவர். கண்ணைக்கூட இமைக்கவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்த பாயும் சேர்ந்துகொண்டார். "ஆமா சார். எங்க வாப்பா கடை வச்சப்பவே இப்டித்தான் அடுக்குவாரு."

பேனா ஓடியது. நான் தலையில் கூடையோடு கடை வாசலில் நின்றிருந்தேன். கூட்டாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த வாலிபர் என் பக்கம் திரும்பவில்லை. யாரையும் தன்னிடம் ஒன்று கேட்கவும் விடவில்லை. விட்டிருந்தால் கேட்டிருப்பேன், முப்பாட்டன் காலத்துல எண்ணூர்ப் பக்கம் பன் ஏது சார் என்று. அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. கூடை கனத்தது. மீன் கெடுவதற்குள் தண்டையார்பேட்டை போய்ச் சேர வேண்டும். நான் நடந்துவிட்டேன்.